மூணு வருஷத்துக்குத் தோப்பை விடலாமா, அம்மிணி?

கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு ஜில்லா),
ஆவணி 20

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மாவும் அப்பத்தாவும் சுகம். உன் தாத்தா, நம் அப்பாருவின் காரியமெல்லாம் குறையில்லாமல் முடிந்தது. மஸ்கட்டில் வெயில் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"அப்பாரும் போயாச்சு, தென்னந்தோப்பை மூணு வருஷத்துக்கு யாருக்காச்சும் பாட்டத்துக்கு, அதான் குத்தகைக்கு, விட்டுடலாமே" என்று போனில் கேட்டாய். கேட்டதில் தப்பில்லை. சுற்றிலும் பல தோப்புகள் இன்று அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அந்த மனுசர் அந்த நாலரை ஏக்கரில் என்ன செய்தார், ஏன் செய்தார் என்பது முழுக்கத் தெரிந்த பிறகு நீ ஒரு முடிவு சொன்னால் நான் அதைக் கேட்டுக்கொள்வேன். போனில் இதெல்லாம் நிற்காது. அதனால்தான் கடிதம்.

முதலில் காகிதம். அப்பாரு இந்த மண்ணில் பண்ணையம் தொடங்கியது பாட்டக்காரராக. அறுவடையில் பாட்டத்தை அளந்துவிட்டு, மிச்சம் இருப்பதில் வீடு நடந்தது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் திருத்தம் 1970 ஜனவரி 1-ல் நடப்புக்கு வந்த பிறகுதான், உழுத நிலம் அவர் பேருக்கு ஆக வழி பிறந்தது. இரும்புப் பெட்டியில் நிகுதி (நிலவரி) ரசீதுகளுக்கு அடியில் மலையாளத்தில் இருக்கும் பட்டயம் அதுதான். அதே சட்டம் புதிதாகக் குத்தகை உண்டாக்குவதைத் தடுக்கிறது. ஆகையால் இங்கே பாட்டம் என்று பேசுவதெல்லாம் வாய்ப்பேச்சு, அல்லது மரத்துக் காயை மட்டும் விலை பேசி விடுவது. எழுத்தில் நிற்காத பேச்சில் மரத்துக்கு எரு வைக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அப்பாரு தயங்கியதற்கு இது ஒரு காரணம். பெரிய காரணம் மரத்துக்குள் இருக்கிறது.

தென்னையில் இன்று வெட்டுகிற நெற்று, அதாவது முற்றிய காய், எப்போது கருவானது தெரியுமா? 44 மாதத்துக்கு முன்னால். குருத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பாளை உருவாகி, அது வெளியே வந்து வெடிக்கவே ஏறக்குறைய 32 மாதம். வெடித்த பாளையில் குரும்பை பிடித்து நெற்றாக இன்னும் 12 மாதம். இந்த ஆவணியில் உருவாகிற பாளை, மூணு வருஷம் தாண்டி வரும் சித்திரையில்தான் காயாகக் கைக்கு வரும். மூணு வருஷம் என்பது 36 மாதம். முதல் நாள் வைத்த எருவின் முழுப் பலனும் வருவதற்குள் பாட்டக்காரர் தோப்பை விட்டுப் போய்விடுவார். நடுவிலும் பலன் கொஞ்சம் தெரியும்: குரும்பை உதிர்வது குறையும், காய் பருக்கும். ஆனால் ஒரு பாளையில் எத்தனை பெண்பூ என்கிற கணக்கு மரத்துக்குள்ளேயே முன்கூட்டி முடிந்துவிடுகிறது. மூணு வருஷத்துக்கு மட்டும் எடுக்கிறவர், நல்லவரே ஆனாலும், கடைசி இரண்டு வருஷம் எரு வைக்க மாட்டார். வைத்தால் அவருக்கு நட்டம். கெடுதல் அப்போது தெரியாது. அவர் போன பிறகு, தோப்பு நம் கைக்கு வந்த பிறகுதான் குலை சிறுக்கும்.

அப்பாருக்கு 44 மாதம் என்கிற எண் தெரியாது. ஆனால் ஒரு கோடையில் தண்ணி தவறினால் அதற்கு அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் காய் எண்ணிக்கை விழும் என்பதை நோட்டில் எழுதியே கண்டுபிடித்திருந்தார். நீல அட்டை நோட்டு பதினொன்று இருக்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர். ஒவ்வொரு வெட்டுக்கும் காய்க் கணக்கு. 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று வருஷத்துக்கு எட்டு வெட்டு. நல்ல மரம் மாதம் ஒரு மட்டை விடும், மட்டைக்கு ஒரு பாளை. மட்டை குறைந்தால் பாளை குறைகிறது என்று அர்த்தம். அதனால்தான் பச்சை மட்டையை யார் வெட்டினாலும் அவருக்குக் கோபம் வரும்.

தோப்பு இரண்டு ஏக்கர். 25 அடிக்கு 25 அடி இடைவெளி, ஏக்கருக்கு எழுபது, ஆக 140 மரம். ஏழு மரம் பட்டுப்போன இடம் இப்போது வெறும் குழியாகக் கிடக்கிறது. ஒரு மரத்துக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழு எரு, 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். ரசாயன உரத்தை ஒரேயடியாகப் போடுவதில்லை. ஆனி, ஆடியில் பாதி, மார்கழி, தையில் பாதி. தோப்பு முழுக்க ஒரு தடவைக்கு யூரியா இரண்டு மூட்டை, மற்ற இரண்டும் மும்மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவு. எருவோ ஏழு டன் வேண்டும். கட்டுத்தரையில் நாலு உருப்படி மாடு ஏன் எப்போதும் நின்றது என்பதற்கு இதுதான் பதில். பாலுக்காக மட்டும் என்றால் இரண்டு போதும்.

உரத்தை மரத்தடியில் கொட்டினால் வீண். உறிஞ்சுகிற வேர் தண்டை ஒட்டி இல்லை. தண்டிலிருந்து ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, தண்டை ஒட்டிய பகுதியை விட்டுவிட்டுப் பரவலாகத் தூவி, முள்கொத்தால் மேலாகக் கொத்தி மண்ணோடு சேர்க்க வேண்டும். ஆழக் கொத்தினால் வேர் அறுபடும். மண் ஈரமாக இருக்கும்போது போட்டு அன்றே தண்ணி விட வேண்டும். கூலிக்கு வருகிறவர்கள் நேரம் மிச்சம் பிடிக்கத் தண்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அதனால் உரம் வைக்கிற நாளில் அப்பாரு எங்கும் போனதில்லை.

மழை பிடித்து நின்றதும் பாத்தியில் தேங்காய் உரிமட்டை பரப்பும் வேலை. குழிந்த பக்கம் கீழே, முதுகு மேலே, ஒரு பாத்திக்கு நூறு. நம் ஊருக்கு இது ஆடம்பரம் இல்லை. கேரளம் என்றால் மழை என்று அங்கே உன்னோடு வேலை செய்கிறவர்கள் நினைப்பார்கள். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பக்கத்தில் நாம் மழை மறைவில் இருக்கிறோம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு இங்கே தூறலாக வரும். கார்த்திகையில் தொடங்குகிற கிழக்குக் காற்று, ஐப்பசி மழை தந்த ஈரத்தைப் பங்குனிக்குள் உறிஞ்சிவிடும். மாசியிலிருந்து வைகாசி வரை மரத்துக்கு ஒரு நாளைக்கு 65 லிட்டர் சொட்டுநீர். மற்ற மாதங்களில் 45-லிருந்து 55. மணிக்கு எட்டு லிட்டர் விடும் சொட்டுவாய் மரத்துக்கு நாலு வைத்திருக்கிறோம், கோடையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் கணக்குச் சரியாகும். கிணறு கைவிட்டால் 45, அதுவும் முடியாவிட்டால் 22 வரை இறக்கலாம். மரம் சாகாது, ஆனால் காய்க்காது. இங்கத்துத் தண்ணி உப்பு, சொட்டுவாயில் வெள்ளையாகப் படியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாய்க் கடைசி மூடியைத் திறந்து அழுக்கு வெளியேற விட வேண்டும். எந்த மரத்தடி காய்ந்திருக்கிறது என்று நடந்து பார்த்தால்தான் தெரியும், மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

தண்ணி என்றதும், மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து இறைக்கும் 'கவலை' இருந்த காலத்தையும் எழுத வேண்டும், ஏனென்றால் மேற்குப் பக்கம் சரிவாக இருக்கிற அந்த மேடு என்ன என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். அதுதான் வாரி. மாடுகள் கிணற்றிலிருந்து விலகிச் சரிவில் இறங்க, அவற்றின் எடையே சால் என்கிற பெரிய வாளியை மேலே இழுக்கும். இரும்புச் சாலின் அடியில் தோலால் ஆன தும்பி என்கிற குழாய். மேலே பருத்த வடக்கயிறு, கீழே மெல்லிய வால்கயிறு. வால்கயிறு தும்பியின் வாயைத் தூக்கிப் பிடித்திருக்கும், அதனால் ஏறும் வழியில் தண்ணி சிந்தாது. சால் உச்சிக்கு வந்ததும் தும்பி வெளியே நீண்டு தொட்டியில் தானாகக் கொட்டும். இரண்டு கயிற்றின் நீளமும் சரியாக இருக்க வேண்டும். வால்கயிறு நீண்டால் பாதித் தண்ணி கிணற்றுக்கே திரும்பும், குறுகினால் தும்பி கிழியும். பிறகு மாடுகள் பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏறும். பின்நடைக்குப் பழகாத மாடு எவ்வளவு பலசாலியானாலும் கவலைக்கு உதவாது. விடியலுக்கு முன் பூட்டி, வெயில் ஏறுவதற்குள் அவிழ்க்க வேண்டும். அப்பாருவின் வலது தோள் சற்று இறங்கி இருந்ததற்கு அந்த வருஷங்கள்தான் காரணம்.

பிறகு மோட்டார் வந்தது, ஆழியாற்றுத் தண்ணியும் வந்தது. தமிழ்நாடும் கேரளமும் போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-ல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியானது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணி நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்கு வர வேண்டும். ஜூலை 1-லிருந்து அடுத்த ஜூன் 30 வரை அந்த வருஷக் கணக்கு. அங்கிருந்து மூலத்தறைக்கு வந்து, இடது கரை, வலது கரைக் கால்வாய்களில் பிரிகிறது. எல்லா வாய்க்கால் பாசனத்திலும் உள்ள குறைதான் இங்கும்: தலைமடைக்காரர் வயல் நிறையும், கடைமடையில் மண் வெடிக்கும். நம் ஒரு ஏக்கர் வயல் கடைமடைக்குப் பக்கம். முறைத் தண்ணி வருவதற்கு ஒரு வாரம் முன்பே அப்பாரு மம்பட்டியோடு போய், நம் பங்கு மட்டுமல்ல, மேலே இரண்டு பேருடைய பங்கையும் சேர்த்து வாய்க்காலைத் தூர் எடுத்துவிடுவார். புல் மண்டிய வாய்க்காலில் நம் முறைநேரத்தில் பாதி, தண்ணி வந்து சேரவே போய்விடும்.

வயலைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, அது ஒழுங்கான ஆள் கையில் நன்றாகவே நடக்கும். விரிப்பு, முண்டகன் என்ற இரண்டு நெல் போகமும் ஜோதி ரகம். ஏக்கருக்கு எட்டு சென்ட் நாற்றங்கால், 30 கிலோ விதை. உப்புத் தண்ணியில் முட்டை மிதக்கும் பதம் பார்த்து, விதையைக் கொட்டி, மிதக்கிற பதரை அள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணியில் இரண்டு முறை கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் முளைப்பு கெடும். அவ்வளவுதான்.

புன்செய்க் காட்டில் போடும் கடலைக்காய் (நிலக்கடலை) அப்படியில்லை. ஒன்றரை ஏக்கர் மானாவாரி. பங்குனி, சித்திரையில் மந்தையோடு வருகிற ஆட்டுக்காரர்களிடம் பேசிப் பட்டி போடுவார். படலை ராத்திரிக்கு ராத்திரி நகர்த்தி, காடு முழுக்கச் சாணமும் மூத்திரமும் விழ வைத்து, முதல் மழைக்கு உடனே உழுதுவிடுவார். தாமதித்தால் சத்து வெயிலில் போய்விடும். அந்தக் கோடை உழவுக்கு இன்னொரு பயன், மண்ணுக்குள் இருக்கும் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு மேலே புரண்டு கொக்குக்கும் மைனாவுக்கும் தீனியாகும். மிஞ்சியது, முதல் கனமழைக்குப் பின் அந்திப்பூச்சியாகக் கிளம்பும். அந்த மூணு நாலு ராத்திரி, இருட்டியதிலிருந்து பதினோரு மணி வரை வரப்பில் தீ மூட்டினால் விழுந்து சாகும். இதை ஒருவர் மட்டும் செய்தால் போதாது. பக்கத்துக் காட்டுக்காரர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவது அப்பாருவின் வேலையாக இருந்தது.

விதைப்பு ஆனியில். மண்ணைக் கையில் பிடித்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும், அதுதான் உழவுப் பதம். வடக்கு மூலையில் இருக்கும் கரிசல் துண்டு இன்னும் இரண்டு நாள் பொறுக்கும். ஈரத்தில் உழுதால் கட்டி கட்டியாகக் காய்ந்து, பிறகு சம்மட்டியால் அடித்தாலும் உடையாது. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு, வரிசைக்கு வரிசை ஒரு அடி, செடிக்குச் செடி நாலு அங்குலம். விதைக்காயைத் தோலோடுதான் வைத்திருக்க வேண்டும். விதைக்க ஒரு வாரம் இருக்கும்போது கையால் உடைக்க வேண்டும். மில்லில் உடைத்தால் முளைமூக்கு அடிபடும், பார்வைக்கு நன்றாக இருக்கும், முளைக்காது. வரப்போரம் ஆமணக்கு ஒரு வரிசை. இலை தின்னும் புரோடீனியாப் புழுவின் பூச்சி கடலைக்கு முன் அதில் முட்டையிடும், இலையோடு கிள்ளி எரித்துவிடலாம்.

முக்கியமான நாள் நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் தூவி, களை கொத்தி, மண் அணைக்க வேண்டும். பூவிலிருந்து கிளம்பும் விழுது மண்ணுக்குள் இறங்கிய பிறகு காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாக வாங்குவதில்லை, சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறது. ஜிப்சம் இல்லாவிட்டால் ஓடு மட்டும் பெருத்து உள்ளே பொக்காக இருக்கும். 45 நாளுக்கு மேல் காட்டுக்குள் கொத்து போகக் கூடாது. ஒரு விழுது அறுந்தால் ஒரு காய் போயிற்று. பறிப்பதற்கு நாள் மட்டும் பார்த்தால் போதாது. காட்டின் நாலு பக்கமும் செடி பிடுங்கி ஓட்டை உடைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டின் உள்பக்கம் கருத்திருந்தால் முற்றிவிட்டது. காய்ந்த மண்ணில் பிடுங்கினால் காய் மண்ணிலேயே தங்கும். பிடுங்கிய கொடியைக் காய் மேலே தெரியும்படி கவிழ்த்துப் போட வேண்டும், ஈரத்தோடு குவித்தால் பூசணம் பிடிக்கும், அந்தக் காய் மனுசனுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

மறுபடி தோப்புக்கு வருகிறேன். வண்டுக் கணக்கு உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியது போல் முக்கோண வெட்டு தெரிந்தால் அது காண்டாமிருக வண்டு. அது குஞ்சு பொரிப்பது நம் எருக்குழியில்தான். அதனால் எருவைக் கிளறிக் கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும். தோப்பில் பானைகளில் ஐந்து லிட்டர் தண்ணிக்கு ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கு கரைத்து வைத்தால் வாசனைக்கு வந்து விழும். அது செய்த காயத்தின் வழியாகத்தான் சிவப்புக் கூன்வண்டு உள்ளே போகும், போனால் மரமே சாயும். பச்சை மட்டையைத் தவிர்க்க முடியாமல் வெட்டினால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்ட வேண்டும் என்பதும் இதற்காகத்தான். வெட்டுவாயில் இட்ட முட்டையிலிருந்து வரும் புழு, அவ்வளவு நீளம் துளைத்துத் தண்டுக்கு வந்து சேராது.

2016-ல் சுருள் வெள்ளை ஈ பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பக்கம் வந்தபோது ஓலையெல்லாம் கரி பூசியது போல் ஆனது. பலரும் விஷம் அடித்தார்கள். அப்பாரு அடிக்கவில்லை. அந்த ஈயைத் தின்று அடக்குகிற என்கார்சியா என்கிற சின்னக் குளவி விஷத்தில் முதலில் சாகும் என்று கிருஷி பவனில் (வேளாண்மை அலுவலகத்தில்) சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, ஓலையின் அடியில் தண்ணியைப் பீய்ச்சி அடித்தே ஓட்டினார். ஒரு வருஷம் பார்வைக்குத் தோப்பு பாவமாக இருந்தது. பொறுத்ததுதான் சரி.

கள்ளுக்கு விடுவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். சித்தூர்க் கள் பல ஜில்லாவுக்குப் போகிறது, மரத்துக்கு மாத வாடகை கையில் வரும், உண்மை. விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியைத் தினமும் சீவுகிறார்கள். அந்த மரத்தில் காய் இருக்காது. அப்பாரு வருஷத்துக்கு இருபது மரம் மட்டும் விடுவார், அடுத்த வருஷம் வேறு இருபது. தினம் ஒரு ஆள் கொண்டைக்கு ஏறி இறங்குவதால் அந்த மரத்தில் வண்டு தங்காது என்பதும் அவர் கணக்கில் உண்டு. வண்டு அதிகம் விழுந்த வரிசையைத்தான் முதலில் கொடுப்பார். எல்லா மரத்தையும் கொடுக்கலாம் என்று யாராவது உன்னிடம் பேசினால், இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்.

எனக்குத் தோன்றுகிற வழி ஒன்று இருக்கிறது. தோப்பைப் பாட்டத்துக்கு விடாமல், ஒவ்வொரு வெட்டிலும் காயில் ஐந்தில் ஒரு பங்கு என்று பேசி ஒரு ஆளை வைப்பது. எருவும் உரமும் தண்ணியும் நம் செலவு, மட்டையும் உரிமட்டையும் தோப்பை விட்டு வெளியே போகக் கூடாது. பங்கு என்றால் காய் கூடினால் அவருக்கும் கூடும். கணக்கு அப்பாருவின் நோட்டிலேயே தொடரும், நீ படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம். காட்டையும் வயலையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஆனியில் அப்பாரு அறுபது விதைக்காய் பதியன் போட்டுவிட்டுத்தான் படுத்தார். 17, 52, 96 ஆகிய மூன்று மரத்துக் காய்கள். முப்பது வயது தாண்டிய நெட்டை மரங்கள். தலையில் முப்பது மட்டைக்குக் குறையாது, குலை தொங்காமல் மட்டையில் உட்கார்ந்திருக்கும். காயைக் கீழே போடாமல் கயிற்றில் கட்டி இறக்க வைத்தார். இதுவரை இருபத்திரண்டு முளைத்திருக்கிறது. முன்னே முளைப்பதுதான் வீரியமானது என்பதால் அவற்றுக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்திருக்கிறேன். கார்த்திகை முடிய முளைக்காததைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும். வரும் வைகாசியில் பத்து மாதம் கடந்திருக்கும். அப்போது ஆறு இலையும், கழுத்து பத்து சென்டிமீட்டர் சுற்றளவும் உள்ள ஏழு கன்றைத் தேர்ந்தெடுத்து அந்த ஏழு குழியில் நட வேண்டும். குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. மாசியிலேயே வெட்டி ஆறப்போட்டுவிடுவேன்.

உனக்கு வைகாசியில் லீவு கிடைக்குமா என்று பார்த்து எழுது. கன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நீயும் இருந்தால் நன்றாக இருக்கும். நோட்டில் 17-ம் நம்பர் மரத்துக்கான பக்கத்தை இத்துடன் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்
அப்பா